ஐம்பது புளியங்கொட்டையும் ஒரு மீட்டரும்: கரண்டு கணக்கை விளையாடிக் கற்கலாம்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது. இத்தனை யூனிட், இத்தனை ரூபாய், இந்தத் தேதிக்குள் கட்டுங்கள். கட்டிவிடுகிறோம், அரை நிமிட வேலை. ஆனால் அந்த யூனிட்டெல்லாம் எங்கே போச்சு என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். அப்பா ஏ.சி.யைக் காட்டுவார். அம்மா மகனின் கம்ப்யூட்டரைக் காட்டுவார். பாட்டியோ, "எல்லா ரூம்லயும் லைட்டு எரியுதே" என்பார். மளிகைக் கடை சீட்டை வரி வரியாகப் பார்க்கிற நாம், கரண்டு பில்லில் கடைசி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம். எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று அதில் எழுதியிருப்பதும் இல்லை.

அந்த வரிகளை வீட்டில் இருப்பவர்களே எழுதிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதுதான் விளையாட்டு. சூரியசக்தி, மின்சிக்கனம், நீடித்த எரிசக்தி என்றெல்லாம் பேசும்போது 'கல்வி விளையாட்டு' என்ற பெயரில் நிறைய வருகிறது. அதில் எது உண்மையில் கற்றுக்கொடுக்கும், எது வெறும் பொழுதுபோக்கு, கடலூரிலும் சிதம்பரத்திலும் இருக்கிற ஒரு குடும்பமோ ஒரு வகுப்போ செலவில்லாமல் எதை ஆடிப் பார்க்கலாம் என்பதைச் சொல்கிறது இந்தக் கட்டுரை.

பரமபதமா, ஆடுபுலியா?

மின்சிக்கன விளையாட்டு என்று பள்ளிகளில் அதிகம் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று, வினாடி வினா. "எல்.இ.டி. பல்பு நல்லதா, குண்டு பல்பு நல்லதா?" பதில் எல்லாருக்கும் தெரியும். கை தட்டல் கிடைக்கும், வீட்டுக்குப் போனதும் மறந்துவிடும். இன்னொன்று, நம்ம பரமபதம். 'லைட்டை அணைத்தாய், ஏணி ஏறு. குழாயைத் திறந்து விட்டாய், பாம்பு கடித்தது.' பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் முடிவெடுப்பது யார்? தாயக்கட்டைதானே. நல்ல எண் விழுந்தால் நீங்கள் சிக்கனக்காரர், இல்லாவிட்டால் ஊதாரி. ஊழ்வினையை விளக்க பரமபதம் பொருத்தமாக இருக்கலாம், மின்சாரத்தை விளக்க அது போதாது என்பது என் கட்சி.

ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தாயக்கட்டையே கிடையாது. ஒரு ஆட்டை இங்கே வைத்தால் அங்கே இடம் காலியாகும். ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டும். மின்சாரமும் அப்படித்தான். கற்றுக்கொடுக்கும் விளையாட்டுக்கு அடையாளம் இதுதான்: ஆடுபவர் ஒரு முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவுக்கு விலை இருக்க வேண்டும், விலை உடனே கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

உலக அளவில் இதற்கு நல்ல உதாரணம், ஜெர்மனியில் 1995ல் பிறந்த 'கத்தான்' என்ற பலகை விளையாட்டு. 2024ல் அதன் புதிய வடிவம் ஒன்று எரிசக்தியை மையமாக வைத்து வெளிவந்தது. அதில் நீங்கள் ஊர்களைக் கட்ட வேண்டும், ஊருக்கு மின்நிலையம் வேண்டும். நிலக்கரி போன்ற எரிபொருளில் ஓடும் நிலையம் மலிவு, சீக்கிரம் கட்டலாம், ஆனால் மாசு ஏறும். காற்று, சூரிய நிலையங்களுக்குச் செலவு அதிகம். மாசு எல்லை மீறினால் ஆட்டமே பாதியில் முடிந்துவிடும். அப்போது சுத்தமான நிலையங்களை அதிகம் வைத்திருப்பவரே ஜெயித்தவர். 'மாசு கெடுதல்' என்று யாரும் போதிப்பதில்லை. எல்லாரும் மலிவான வழியில் ஓடினால் எல்லாருக்கும் என்ன ஆகும் என்பதை ஆடுபவர்களே பார்த்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டி நம்ம ஊரில் எளிதாகக் கிடைக்காது, விலையும் அதிகம். கவலையில்லை. நம் வீட்டுச் சுவரிலேயே அதைவிடச் சுவாரசியமான ஒரு ஆட்டப் பலகை மாட்டியிருக்கிறது.

500 என்ற கோடு

அந்தப் பலகை உங்கள் மின் மீட்டர். அதன் ஆட்ட விதிதான் கட்டணப் படிநிலை. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் ஓடிய ஒரு வீடு. முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100க்கு யூனிட் 2.25 ரூபாய், ஆக 225. அடுத்த 200க்கு 4.50 ரூபாய், ஆக 900. கடைசி 100க்கு 6 ரூபாய், ஆக 600. மொத்தம் 1,725 ரூபாய்.

பக்கத்து வீட்டில் 510 யூனிட். பத்தே யூனிட் கூடுதல். அதற்கு 80 ரூபாய் கூடும் என்றுதான் நினைப்போம். ஆனால் 500ஐத் தாண்டியதும் 2.25 ரூபாய் சலுகை விலை போய்விடுகிறது. 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ரூபாய், ஆக 1,350. அடுத்த நூறுக்கு 600. கடைசிப் பத்துக்கு 8 ரூபாய் வீதம் 80. மொத்தம் 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! ஒரு ஏ.சி. ஒரு ராத்திரியில் தின்கிற மின்சாரம் அது.

2022க்குப் பிறகு கட்டணங்கள் திருத்தப்பட்டிருக்கின்றன. அதனால் மேலே சொன்ன ரூபாய்க் கணக்கை அப்படியே உங்கள் பில்லுக்குப் பொருத்த வேண்டாம். மின்வாரிய இணையதளத்தில் பில் கணக்கிடும் பக்கம் இருக்கிறது. அதில் யூனிட்டைப் போட்டால் இன்றைய விகிதத்தில் தொகை வந்துவிடும். 490, 500, 510 என்று மூன்று எண்களைப் போட்டுப் பாருங்க. எந்த இடத்தில் தொகை துள்ளுகிறது என்பது இரண்டு நிமிடத்தில் தெரியும். துள்ளுகிற அந்த இடம்தான் உங்கள் ஆட்டத்தின் எல்லைக் கோடு.

கொட்டை ஆட்டம்

இதற்கு வேண்டியது ஐம்பது புளியங்கொட்டை, இரண்டு டம்ளர், ஒரு சிவப்புப் பொத்தான். ஒரு கொட்டைக்குப் பத்து யூனிட். ரீடிங் எடுக்க ஆள் வந்துபோன அன்று ஐம்பதையும் முதல் டம்ளரில் போட்டு, மேலே சிவப்புப் பொத்தானை வையுங்கள். அன்றைய மீட்டர் எண்ணை ஒரு தாளில் எழுதி டம்ளருக்குக் கீழே வைத்துவிடுங்கள். டிஜிட்டல் மீட்டரின் திரையில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று எண்கள் மாறி மாறி வரும். பக்கத்தில் கே.டபிள்யூ.ஹெச். என்று வருகிற எண்தான் யூனிட்.

தினமும் ஒரே நேரத்தில், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்களேன், வீட்டுப் பிள்ளை ஒருவர் மீட்டரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பத்து யூனிட் ஓடியிருந்தால் ஒரு கொட்டை இரண்டாவது டம்ளருக்குப் போகும். அவ்வளவுதான் விதி. அறுபது நாளுக்கு ஐம்பது கொட்டை. அதாவது ஆறு நாளைக்கு ஐந்து கொட்டைக்கு மேல் போகக் கூடாது. முப்பதாம் நாள் முதல் டம்ளரில் இருபத்தைந்துக்குக் கீழே இருந்தால், மிச்ச நாட்களில் என்ன செய்வது என்று குடும்பம் கூடிப் பேச வேண்டும். ஐம்பதும் தீர்ந்து சிவப்புப் பொத்தானைத் தொட நேர்ந்தால், துள்ளும் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்.

உங்கள் வீட்டில் 300 யூனிட்தான் ஓடுகிறது என்றால் முப்பது கொட்டை போதும். போன வருஷம் இதே இரண்டு மாதத்துக்கு வந்த யூனிட்டை இலக்காக வைத்துக்கொள்ளலாம், இணையதளத்தில் பழைய ரீடிங் இருக்கும். போன பில்லோடு ஒப்பிட வேண்டாம். சித்திரை வெயிலையும் கார்த்திகை மழையையும் ஒப்பிட்டு யாரும் ஜெயிக்க முடியாது.

வாடகை வீட்டில் துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இத்தனை என்று ஒரே விலை வாங்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படியானால் உங்களுக்குக் கோடு கிடையாது, ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரே விலை. ஆட்டம் அப்போதும் ஆடலாம், எண்ணிக்கை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு முக்கியமான விதி: பாட்டி அறை ஃபேனுக்கு யாரும் கை வைக்கக் கூடாது. கத்திரி வெயிலில், கடல் காற்று நின்றுபோன கடலூர் ராத்திரியில், ஃபேனை அணைத்துப் புள்ளி வாங்குவது விளையாட்டு இல்லை, தண்டனை. தேவையைக் குறைப்பவருக்குப் புள்ளி கிடையாது. வீணாவதைக் கண்டுபிடிப்பவருக்குத்தான் புள்ளி.

சிமிட்டும் விளக்கு சொல்லும் ரகசியம்

வீணாவதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தப் பகுதிதான் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அதன் பக்கத்திலோ மீட்டர் முகப்பிலோ 3200 அல்லது 1600 போல ஒரு எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட் ஓடி முடிய விளக்கு எத்தனை முறை சிமிட்டும் என்பதே அந்த எண்.

போனில் ஸ்டாப்வாட்சை ஓட விட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள். அதை 60,000 ஆல் பெருக்கி, மீட்டரில் இருக்கும் எண்ணால் வகுங்கள். வருகிற விடை, அந்த நேரத்தில் உங்கள் வீடு இழுக்கிற வாட். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு 16 சிமிட்டல் என்றால் 300 வாட். மீட்டரைத் தொட வேண்டியதில்லை, பெட்டியைத் திறக்கவும் கூடாது. சீலில் கை வைத்தால் வம்பு. கண்ணால் பார்த்தால் போதும்.

இப்போது வேட்டையைத் தொடங்கலாம். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு, மீட்டரைப் பாருங்கள். விளக்கு முழுசாக நின்றுவிட வேண்டும். பெரும்பாலும் நிற்காது. டி.வி. பெட்டிக்குக் கீழே செட்டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர், எப்போதும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் இன்வர்ட்டர் என்று யாரோ ஒருவர் ஒளிந்திருப்பார். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு வெறும் இரண்டு சிமிட்டல் என்றாலே 37.5 வாட். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் அது ராத்திரி பகல் ஓயாது. 24 மணி நேரம், 60 நாள் என்று கணக்குப் போட்டால் 54 யூனிட். ஐந்து கொட்டைக்கு மேல்! யாரும் அனுபவிக்காத ஐந்து கொட்டை.

அடுத்து ஒவ்வொரு பொருளாகப் போட்டு, சிமிட்டல் எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67.5 யூனிட். பி.எல்.டி.சி. என்று இப்போது கடையில் விற்கிற ஃபேன் அதே காற்றுக்குச் சுமார் 30 வாட்தான் எடுக்கும், ஆக 27 யூனிட். ஒரு ஃபேனுக்கு நாலு கொட்டை மிச்சம். அந்த ஃபேனுக்கு விலை கூடுதல் என்பது உண்மைதான். அதனால் வீட்டில் அதிக நேரம் ஓடுகிற ஒரே ஒரு ஃபேன் எது என்று முதலில் கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்றுங்கள். விருந்தாளி அறை ஃபேனை மாற்றி எந்தப் பயனும் இல்லை.

ஒரு குதிரைத்திறன் தண்ணி மோட்டார் ஏறக்குறைய 750 வாட். டேங்க் நிறைந்து பத்து நிமிடம் வழிந்த பிறகுதான் யாராவது ஓடிப்போய் அணைக்கிறோம் என்றால், இரண்டு மாதத்தில் 7.5 யூனிட் மொட்டை மாடியில் கொட்டிப் போகிறது, தண்ணீரையும் சேர்த்து. ஏ.சி.தான் பெரிய புலி. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு உள்ள ஏ.சி.களெல்லாம் 24 டிகிரியில் தானாக நிற்கும்படிதான் விற்பனைக்கு வருகின்றன. அதை 20க்கு இறக்குவது நாம்தான். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம்.

புள்ளி போடுவதில் ஒரு பொறி

தெருவில் நாலு வீடு சேர்ந்து ஆடலாமே என்று தோன்றும். ஆடலாம், ஒரு எச்சரிக்கையோடு. கலிபோர்னியாவில் சான் மார்கோஸ் என்ற ஊரில் வீடுகளின் கதவில் ஒரு சீட்டைத் தொங்கவிட்டார்கள். 'உங்கள் வீடு இவ்வளவு, அக்கம்பக்கத்துச் சராசரி இவ்வளவு' என்று அதில் இருக்கும். 2007ல் வெளியான அந்த ஆய்வில், அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். ஆனால் ஏற்கெனவே குறைவாகச் செலவழித்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'ஓ, நாமதான் கம்மியா இருக்கோமா' என்று கூட்டிவிட்டார்கள். பிறகு சிக்கனமான வீடுகளின் சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்து கொடுத்ததும் அந்தக் கூடுதல் காணாமல் போயிற்று. ஆகவே முதலிடம் யார், கடைசி யார் என்று மட்டும் பலகையில் எழுதாதீர்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஒரு பாராட்டு வேண்டும்.

ஆறு பேர் இருக்கும் வீட்டையும் இரண்டு பேர் இருக்கும் வீட்டையும் யூனிட்டில் ஒப்பிடுவதும் நியாயமில்லை. ஒவ்வொரு வீடும் தன் பழைய கணக்கோடு மோதட்டும்.

போனில் என்ன இருக்கிறது?

எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திரக் குறியீட்டுச் செயலியில் ஃபிரிட்ஜ், ஏ.சி., ஃபேன் மாடல்களை ஒப்பிடலாம். வாங்கப் போகும் ஃபிரிட்ஜின் குறியீட்டில் வருடத்துக்கு 180 யூனிட் என்று இருந்தால், ஆறால் வகுங்கள். ஒரு பில்லுக்கு 30 யூனிட், மூன்று கொட்டை. கடைக்குப் போகும்போது பிள்ளைகளை இந்தக் கணக்கைச் சொல்லச் சொல்லுங்கள். விற்பவரே அசந்துபோவார். ஏ.சி.க்கு மட்டும் கவனம் வேண்டும். அதன் குறியீட்டு எண் வருடத்துக்கு 1,600 மணி நேர ஓட்டத்தை வைத்துப் போட்டது. அதற்கு மேல் ஓடுகிற வீட்டில் எண் ஏறும்.

கல்லூரி மாணவர்களுக்கு 'என்-ரோட்ஸ்' பிடிக்கும். கிளைமேட் இன்டராக்டிவ் என்ற அமைப்பும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஸ்லோன் கல்லூரியும் சேர்ந்து உருவாக்கியது. பிரவுசரில் இலவசமாகத் திறக்கும். நிலக்கரி, சூரியசக்தி, வாகனங்கள், காடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நெம்புகோல். ஒன்றை நகர்த்தினால் 2100ல் பூமியின் வெப்பம் எவ்வளவு கூடும் என்ற எண் உடனே மாறும். ஒரே நெம்புகோலை எவ்வளவு இழுத்தாலும் போதாது என்பது பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். சின்னத் திரையை விட கம்ப்யூட்டரில் நன்றாக இருக்கும்.

இதையும் சொல்லியாக வேண்டும். மின்சாரம் மிச்சம் பிடித்தால் பரிசு, ரீசார்ஜ் இலவசம் என்று வாட்ஸ்அப்பில் வரும் 'கேம்' கோப்புகளைத் திறக்காதீர்கள். எந்த நல்ல விளையாட்டும் உங்கள் மின் இணைப்பு எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்காது. 'பில் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்' என்று வருவதும் பழைய மோசடிதான். சந்தேகம் இருந்தால் மின்னகம் எண் 94987 94987ல் கேட்டுக்கொள்ளலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்திருக்கிறது. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

கொட்டைக்குப் பின்னால் இருக்கும் மண்

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று காட்ட, படம் வேண்டாம், பஸ் ஏறினால் போதும். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்ததில் தொடங்கியது நெய்வேலியின் கதை. 1956ல் நிறுவனம் உருவானது. 1962ல் முதல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த முதல் நிலையம் 2020ல் ஓய்வு பெற்றது.

பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ எரிய வேண்டும். அப்படியானால் ஒரு கொட்டைக்குப் பத்து கிலோ. ஒரு டன் நிலக்கரியை எடுக்க அதன் மேலே கிடக்கும் மண்ணை ஐந்தாறு கன மீட்டர் அகற்ற வேண்டும், அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரையும் இறைக்க வேண்டும். அந்த நிலத்தில் ஊர்கள் இருந்தன. நம் கம்பியில் வருவது நெய்வேலி மின்சாரம் மட்டுமல்ல. ஆரல்வாய்மொழிக் காற்று, கமுதிச் சூரியன், கூடங்குளத்து அணு எல்லாம் கலந்துதான் வருகிறது. ஆனால் பத்து கிலோ நிலக்கரியை ஒரு கோணியில் போட்டுத் தூக்கிப் பார்க்கிற கற்பனை, 'கார்பன்' என்ற சொல்லை விடச் சீக்கிரம் மனதில் ஏறும்.

வெயில் சீட்டும் புயல் சீட்டும்

கொட்டை ஆட்டம் ஒருமுறை முடிந்ததும், இரண்டாவது சுற்றில் வெயில் சீட்டைச் சேர்க்கலாம். மாடியில் ஒரு கிலோவாட் சூரிய மின்தகடு இருந்தால் ஒரு நாளைக்குச் சுமார் நாலு யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். இருபத்து நாலு கொட்டை முதல் டம்ளருக்குத் திரும்பி வருகிறது. நிழல் விழாத சுமார் 100 சதுர அடி வேண்டும். 2024ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மத்திய அரசு மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்று அல்லது அதற்கு மேல் 78,000. தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணை வைத்து நீங்களே விண்ணப்பிக்கலாம். பதிவு பெற்ற நிறுவனத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். இதற்கு முன் கொட்டை ஆட்டம் ஒருமுறை ஆடியிருந்தால், எத்தனை கிலோவாட் போதும் என்று விற்பனையாளர் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இனி புயல் சீட்டு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதைப் பார்த்தவர்கள், 'மாடியில் சோலார் இருந்தால் அந்தக் கவலை இல்லை' என்று நினைப்பது இயல்பு. ஆனால் பேட்டரி இல்லாமல் கம்பியோடு இணைத்த சாதாரண சோலார், கம்பியில் மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். அறுந்த கம்பியைச் சரிசெய்ய ஏறியிருக்கும் ஊழியரின் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது. வெயில் கொளுத்தினாலும் வீடு இருட்டுதான். புயலுக்கும் சேர்த்து வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய அமைப்பு வேண்டும், செலவு கூடும். வாங்கிய பிறகு புயல் வந்து இதைக் கற்றுக்கொள்வதை விட, டம்ளரும் கொட்டையும் வைத்துக் கற்றுக்கொள்வது மலிவு.

வகுப்பறைக்கு ஒரு நாள் ஊர்

பள்ளி, கல்லூரியில் ஆட இன்னொரு வடிவம். டிசம்பர் 14 தேசிய எரிசக்திச் சேமிப்பு நாளில் ஓவியப் போட்டியோடு இதையும் வைத்துப் பார்க்கலாம். எண்கள் ஆட்டத்துக்காகப் போட்டவை, நிஜ அளவுகள் இல்லை.

ஒரு நாளை நாலு நாலு மணி நேரமாக ஆறு சுற்றாகப் பிரியுங்கள். நெய்வேலி ஒவ்வொரு சுற்றிலும் பத்து கொட்டை கொடுக்கும். சூரியன் காலை 8 முதல் மாலை 4 வரையுள்ள இரண்டு சுற்றில் மட்டும் ஆறு ஆறு கொட்டை கூடுதலாகக் கொடுக்கும். வாங்குபவர்கள் ஆறு குழு. மருத்துவமனைக்கு எல்லாச் சுற்றிலும் இரண்டு. கடலூர் துறைமுக ஐஸ் ஃபேக்டரிக்கு ஏதாவது இரண்டு சுற்றில் மூன்று மூன்று. விவசாய மோட்டாருக்கு ஏதாவது ஒரு சுற்றில் மூன்று. பரங்கிப்பேட்டைப் பக்கத்து இறால் குட்டைக்கு இருட்டிய பிறகு சுற்றுக்கு மூன்று. ராத்திரியில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், விடியற்காலைக்குள் காற்றுச் சக்கரம் சுற்றாவிட்டால் இறால் செத்து மிதக்கும். சிதம்பரத்து மாணவர் விடுதிக்கு மாலையும் ராத்திரியும் இரண்டு. வீடுகளுக்குப் பகலில் மூன்று, மாலையில் நாலு, ராத்திரி 8 முதல் 12 வரை ஆறு, அதன் பிறகு நாலு.

கூட்டிப் பாருங்கள். ராத்திரி 8 முதல் 12 வரையுள்ள சுற்றில் வீடு ஆறு, மருத்துவமனை இரண்டு, விடுதி இரண்டு, இறால் மூன்று, மொத்தம் பதின்மூன்று. கையில் இருப்பதோ பத்து. ஐஸ் ஃபேக்டரியும் மோட்டாரும் அந்த நேரத்தில் வந்து நின்றால் இன்னும் மோசம். அவர்களைப் பகலுக்குத் தள்ள வேண்டும் என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும் வரை ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. அப்புறம் பேட்டரிச் சீட்டைக் கொடுங்கள்: பகலில் நாலு கொட்டை போட்டு வைத்தால் ராத்திரி மூன்று கிடைக்கும், ஒன்று சேமிக்கும்போது நஷ்டம். சரியாகப் பதின்மூன்று வந்துவிடும்.

பிறகு நெய்வேலியின் பத்தை ஏழாகக் குறைத்து மறுபடி ஆட விடுங்கள். யாரை அணைப்பது என்ற பேச்சு அப்போதுதான் சூடு பிடிக்கும். பரீட்சைக்குப் படிக்கும் விடுதியா, கடன் வாங்கிக் குட்டை போட்டவரா? இன்னொரு பேட்டரிக்கு யார் பணம் போடுவது? ஒவ்வொரு குழுவும் தன் பக்கத்தைச் சொல்ல இரண்டு நிமிடம் கொடுங்கள். இரண்டு பீரியட் ஓடிவிடும். நாற்பது பேருக்கு மேல் இருந்தால் வகுப்பைக் கடலூர், சிதம்பரம் என்று இரண்டு ஊராகப் பிரித்து, ஒரு ஊர் இன்னொரு ஊருக்குக் கொட்டை கடன் கொடுக்கலாம் என்று விதியைத் தளர்த்துங்கள். வட்டி எவ்வளவு என்பதை அவர்களே பேசி முடித்துக்கொள்ளட்டும்.